ஜெனோவாவை ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா? மாணவராக இருந்தபோது போனவர்கள் சொல்லுங்களேன்

முடியும். அக்வேரியத்தை மட்டும் விட்டுவிட மனம் வேண்டும்.

நான் படித்தது இத்தாலியில், பாவியாவில். (ஊர்ப் பெயரைச் சொன்னதும் அம்மா, "பாவியாவா? வேற ஊரே கிடைக்கலையா?" என்றார்.) மிலானுக்குத் தெற்கே நெல் வயல்களுக்கு நடுவில் இருக்கும் பல்கலைக்கழக ஊர் அது. குளிர்காலத்தில் மூடுபனி இறங்கிவிட்டால் எதிர் வீட்டு ஜன்னல்கூடத் தெரியாது. பிப்ரவரியில் தேர்வுகள் முடிந்த ஒரு சனிக்கிழமை நான்கு பேர் கிளம்பினோம்: கோவைக்காரன் ஒருவன், கொல்லத்துப் பெண் ஒருத்தி, தெற்கே பாரியிலிருந்து வந்து எங்களோடு படித்த இத்தாலியன் ஒருவன், தூத்துக்குடிக்காரனான நான். ஜெனோவாவைத் தேர்ந்தெடுக்கப் பெரிய காரணம் எதுவும் இல்லை. நேர் ரயில் இருந்தது. போகவர ஆளுக்கு இருபது யூரோவுக்குள் முடிந்தது.

போ என்ற ஆற்றைத் தாண்டும்வரை வெளியே வெறும் வெள்ளைதான். அப்புறம் மலை ஏறி, சுரங்கம் சுரங்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. ஏதோ ஒரு சுரங்கத்தைத் தாண்டியதும் வெயில்! பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கண்ணைச் சுருக்கினார்கள். தைப் பனி முடிந்து முதல் வெயில் அடிப்பது போல என்று சொல்லலாம், ஆனால் தூத்துக்குடியில் எங்களுக்கு எது பனி?

ஸ்டேஷனைவிட்டு இறங்கி நடந்தால் பத்து நிமிடத்தில் பழைய துறைமுகம். எனக்கு அங்கேயே ஒரு பொறாமை வந்துவிட்டது. துறைமுக ஊர்க்காரன் என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, எங்கள் புதுத் துறைமுகத்தை நான் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறேன். இங்கே தெருமுனையிலேயே கப்பல் நிற்கிறது. இதுவும் ஒரு காலத்தில் மூடிக் கிடந்த இடம்தானாம். கொலம்பஸ் கடல் கடந்து 500 ஆண்டு ஆனதற்காக 1992இல் கண்காட்சி நடத்தியபோது, இந்த ஊரிலேயே பிறந்த கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ இதைத் திறந்துவிட்டார். அக்வேரியமும் அந்த வருடம் வந்ததுதான். வாசலில் இருந்த வரிசையையும் டிக்கெட் விலையையும் பார்த்த கோவைக்காரன், "மீனைக் குழம்புலயே பாத்துக்கலாம், வாங்க" என்றான். அன்றைக்கு அவன் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை.

ஊருக்கும் கடலுக்கும் நடுவே தூண் தூணாக ஒரு மேம்பாலம் ஓடுகிறது. 1965இல் கட்டியது. அதை இடிக்கலாமா கூடாதா என்பது ஊர்க்காரர்களின் தீராத சண்டை. எனக்கு அது நம்மூர் மாதிரியே இருந்ததால் பிடித்திருந்தது.

அந்தப் பாலத்தை ஒட்டி, சுவர் முழுக்கச் சித்திரம் தீட்டிய ஒரு மாளிகை இருக்கிறது. பலாஸ்ஸோ சான் ஜார்ஜோ என்று பெயர், 1260இல் கட்டியது. பாரிக்காரன் நடந்துகொண்டே, "மார்க்கோ போலோவை இங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள் என்பார்கள்" என்றான். நான் நின்றுவிட்டேன். வெனிஸுக்கும் ஜெனோவாவுக்கும் நடந்த கடற்சண்டையில் பிடிபட்ட மார்க்கோ போலோ, 1298 வாக்கில் ஜெனோவா சிறையில் இருந்தபோதுதான் தன் பயணக் கதையை ருஸ்டிகெல்லோ என்ற பீசா நகரத்துக் கைதிக்குச் சொல்லி எழுத வைத்தார். அந்தக் கதையில் எங்கள் பக்கத்துக் காயல் வருகிறது. ஏடன், ஹோர்முஸ் பக்கமிருந்து குதிரை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் வருவதும், முத்துக் குளிப்பதும், ஆட்கள் எந்நேரமும் வெற்றிலை மெல்லுவதும்கூட வருகிறது. தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில், எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் உள்ள ஊர். அதைப் பற்றி ஒரு மனிதர் இந்தத் தெருக்களில் எங்கோ அடைபட்டுக் கிடந்தபடி பேசியிருக்கிறார். "ஏலே, எங்க ஊரு வெத்தலைய பத்தி இங்கன உக்காந்துல்லா சொல்லிருக்காரு" என்று நான் கத்தியதற்கு, கொல்லத்துப் பெண் அமைதியாக, "கொல்லமும் அதில் வருகிறது" என்றாள். சரி, வருகிறதுதான்.

அங்கிருந்து உள்ளே போனால் சந்துகள். கருஜ்ஜி என்கிறார்கள். இரண்டு கையையும் விரித்தால் இரு பக்கச் சுவரும் தொடும் இடங்கள் உண்டு. மேலே ஆறு ஏழு மாடி. வானம் ஒரு கீற்று. கூகுள் மேப்புக்கும் தலை சுற்றிவிடும், நம்பாதீர்கள். துணி காயப்போட்ட கொடிக்குக் கீழே நடந்து ஒரு திருப்பத்தில் வெளியே வந்தால் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட சான் லொரென்ஸோ பேராலயம். உள்ளே வலப்பக்கம், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு பீரங்கிக் குண்டு நிற்கிறது. 1941 பிப்ரவரி 9 அன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல் சுட்டது சுவரைத் துளைத்து உள்ளே விழுந்தும் வெடிக்கவில்லை. பக்கத்தில் மாதாவுக்கு நன்றி சொல்லும் கல்வெட்டு.

சாப்பாட்டு விஷயத்தில்தான் சொதப்பினோம். சந்துகளில் மூன்று மணி வரை சுற்றிவிட்டுப் போனால், உணவகங்களில் அடுப்பை அணைத்துவிட்டார்கள். இனி ராத்திரி ஏழரைக்குத்தான். நீங்கள் ஒரு மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். துறைமுகத்தை ஒட்டிய வளைவு மண்டபங்களுக்குள் ஒரு பொரிப்புக் கடை மட்டும் திறந்திருந்தது. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு. இவ்வளவையும் கரைத்துப் பெரிய வட்டத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுட்டு, வெட்டிக் கொடுத்தார்கள். ஃபரினாட்டா. ஓரம் முறுகல், நடுவே அல்வா மாதிரி மெத்து. பஜ்ஜி மாவை இப்படியும் செய்யலாம் என்று நமக்கு ஏன் தோன்றவில்லை?

பெஸ்டோ சாப்பிடாமல் வராதீர்கள். பேசில் இலையை அரைத்துச் செய்யும் பச்சைத் துவையல். பேசில் என்கிறார்களே, அது நம்ம திருநீற்றுப்பச்சிலைதான். ஜிகர்தண்டாக் கடையில் போடும் சப்ஜா விதை அந்தச் செடியுடையது. நாங்கள் பெஸ்டோவை ஃபொக்காச்சா ரொட்டியில் தடவித் தின்றோம். இந்த ஊர்க்காரர்கள் காலையில் அந்த ரொட்டியைக் கப்புச்சினோவில் முக்கிச் சாப்பிடுவார்களாம். பாரிக்காரன் முகம் சுளித்தான். அவன் ஊர் ஃபொக்காச்சாவில் தக்காளி இருக்கும், அதுதான் அசல் என்று ரயில் ஏறும்வரை வாதாடினான்.

ஐந்தரைக்கு, மலைச்சுவருக்குள் குடைந்த நடைபாதை வழியே போய் ஒரு பழைய லிஃப்டில் ஏறினோம். ஊரே மலைச்சரிவில் இருப்பதால் இங்கே லிஃப்ட் என்பது டவுன் பஸ் மாதிரிதான். மேலே கஸ்தெல்லெத்தோ என்ற மேடை. சாம்பல் நிறக் கற்பலகைக் கூரைகள், கோபுரங்கள், அதற்கப்பால் கடல். அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். முப்பது வருடம் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதியவர்; அங்கே இரவு பத்து மணி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவர், "இதெல்லாம் சரி, வேலை நடக்கிற துறைமுகம் எங்கய்யா?" என்றார். போனை மேற்கே திருப்பினேன். 77 மீட்டர் உயர லான்டெர்னா கலங்கரை விளக்கம், 1543இல் கட்டியது. அதைச் சுற்றி வரிசையாகக் கிரேன்கள். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. "அப்படியே பிடி" என்று மட்டும் சொன்னார். என் கை வலிக்கும்வரை பிடித்திருந்தேன்.

திரும்பும்போது ஓடிப்போய் ஏறியதில் காகித டிக்கெட்டை மிஷினில் முத்திரை குத்த மறந்துவிட்டோம். அபராதம் விழும் தவறு. பாரிக்காரன் பரிசோதகரைத் தேடிப்போய்த் தானே சொல்லிவிட்டதால், பேனாவால் நேரம் எழுதிக் கொடுத்துவிட்டார். நீங்கள் மொபைலிலேயே டிக்கெட் எடுங்கள். மலையைத் தாண்டியதும் மறுபடி மூடுபனி. மிச்ச ஃபொக்காச்சாவைப் பையில் வைத்திருந்தேன். எண்ணெய் ஊறி, திங்கட்கிழமை புரட்டிய நோட்டில் பாதிப் பக்கம் கண்ணாடி மாதிரி தெரிந்தது.