வீட்டு வாசலில் நின்றுவிட்ட சட்டம்

கேள்வி: எங்கள் காலத்தில் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் பீடிக்கு முனை மடித்தவர்கள்தான். கெட்டா போய்விட்டோம்? குழந்தைகள் உரிமை, அதற்கு ஒரு சட்டம் என்பதெல்லாம் ஐ.நா. சொல்லி இறக்குமதியானதுதானே?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: கெட்டுப்போகாதவர் கேள்வி எழுதி அனுப்புகிறார். ஐந்தாவதோடு நின்றுபோனவர் எங்கே எழுதப்போகிறார்?

ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை வந்தது 1989-இல். இந்தியா அதை ஏற்றது 1992-இல். ஆனால் பெற்றவர்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1933-லேயே இங்கே சட்டம் போட்டாகிவிட்டது. அதுவும் வெள்ளைக்காரன் போட்டதுதானே என்பீர்கள். சரி, ஆனால் அடகு வைத்தது அவன் பிள்ளையை அல்லவே! இந்த வழக்கம் சென்னையிலும் அமிர்தசரஸிலும் இருந்ததை இந்தியத் தொழிலாளர் நிலையை விசாரிக்க வெள்ளை அரசு அமைத்த ராயல் தொழிலாளர் கமிஷன் நேரில் கண்டு எழுதியதால் வந்த சட்டம் அது. அபராதத்தைப் பாருங்கள்: பெற்றவருக்கு 50 ரூபாய் வரை, வேலை வாங்கியவருக்கு 200 வரை. கடன் கொடுத்து ஆள் பிடிக்கிறவருக்கு இது ஒரு காசா?

1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 14 வயதுக்குக் கீழே பீடி வேலை கூடாது என்றது. அதே பிரிவிலேயே, குடும்பத்தாரை வைத்து நடத்தும் பட்டறைக்குத் தடை இல்லை என்றும் எழுதி வைத்தது. வட ஆற்காட்டில் பீடி எங்கே சுற்றப்பட்டது? திண்ணையில். இலையும் தூளும் வீட்டுக்கு வரும், கட்டிய பீடி முதலாளிக்குப் போகும். பிள்ளை முனை மடித்தால் அம்மாவுக்கு ஒத்தாசை என்று கணக்கு. இதை அறியாமல் விட்ட ஓட்டை என்று நான் நம்பவில்லை.

1996-இல் சிவகாசி தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் இருந்த பிள்ளைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு பிள்ளையை வேலைக்கு வைத்தால் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அப்போதுதான் கொஞ்சம் சுட்டது. அந்த 1986 சட்டத்துக்கு 2016-இல் வந்த திருத்தம் 14 வயது வரை எந்த வேலையும் கூடாது என்றது. அதிலும் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும் உதவலாம் என்று கதவைத் திறந்தே வைத்தார்கள். புகையிலைத் தூள் ஆபத்தில்லாததா என்று உங்கள் ஊர் டாக்டரைக் கேளுங்கள்.

என்னைக் கேட்டால், தடைச் சட்டங்களைவிட அதிகம் வேலை செய்தது மதிய உணவும், 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமும்தான். அப்புறம், பள்ளி நேரத்தில் ஒரு பிள்ளை முறமும் தூளுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடுங்கள். அதற்குக் காசு கிடையாது.