கார்டைக் காலி செய்யும் முன்: படப்பெட்டி பற்றிக் கேள்வி பதில்

கையில் அடங்கும் ஒரு பெட்டி. உள்ளே சின்ன ஹார்ட் டிஸ்க், பக்கவாட்டில் கார்டு நுழைக்க ஒரு வாய், முன்னால் ஒரு திரை. கேமரா கார்டில் இருப்பதை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். சும்மா இருக்கும் நேரத்தில் பாட்டுப் பாடும், வீடியோவும் காட்டும். 2005 வாக்கில் கல்யாணப் படம் எடுக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய துணை. அப்போது 1 ஜிபி கார்டு ஒன்று கையில் இருந்தாலே பெரிய ஆள். எங்கள் ஸ்டூடியோவில் இதைப் படப்பெட்டி என்போம். என்னிடம் இன்னும் ஒரு எப்சன் பி-2000, ஆப்பிளின் பாட்டுப் பெட்டியான பழைய ஐபாட் ஒன்று, பழுதான சில பெட்டிகள் இருக்கின்றன. வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அப்பா தவறி இரண்டு வருடம் ஆகிறது. அவர் பீரோவில் எப்சன் பி-2000 ஒன்று கிடைத்தது. உள்ளே எங்கள் சின்ன வயதுப் படங்கள் இருக்க வேண்டும். சார்ஜ் போட்டு ஆன் செய்து பார்க்கலாமா சார்? (மகள், திருச்சி)

பதில்: கொஞ்சம் பொறுங்கள் அம்மா. முதலில் பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். அந்த மாடலில் அது தனியாக வரும். வயிறு உப்பியிருந்தால், ஓரம் பிளந்திருந்தால், அதைத் திரும்பப் போடவே வேண்டாம். தட்டையாக இருந்தால் சார்ஜ் போடலாம், ஆனால் பக்கத்திலேயே இருங்கள். போட்டுவிட்டுக் கடைக்குப் போகக் கூடாது.

ஆன் ஆனதும் ஆசையில் படம் படமாகத் தள்ளிப் பார்க்கத் தோன்றும். அது வேண்டாம். இத்தனை வருடம் ஓடாமல் கிடந்த டிஸ்க் இன்னும் எத்தனை மணி நேரம் ஓடும் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த நேரத்தை வேடிக்கை பார்ப்பதில் செலவழிக்காதீர்கள். யூஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்தால் பென் டிரைவ் போலத் தெரியும். மொத்தத்தையும் நகல் எடுங்கள், பிறகு சாவகாசமாகக் கம்ப்யூட்டரில் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை. கம்ப்யூட்டர் "ஃபார்மேட் செய்யட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். உள்ளிருந்து டிக், டிக் என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் அப்போதே அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்தால், மீட்கக்கூடிய படமும் போய்விடும். அந்த நிலையில் டேட்டா மீட்கும் ஆட்களிடம் கொடுப்பதுதான் வழி. ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். ஈரம்தான் சேரும்.

கேள்வி: பெட்டியில் 40 ஜிபி என்று எழுதியிருக்கிறது, கம்ப்யூட்டர் 37 என்கிறது. மூன்று ஜிபியை யார் தின்றார்கள்?

பதில்: யாரும் தின்னவில்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபிக்கு நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கிக் கணக்கிடுகிறது. 40-ஐ இந்தக் கணக்கில் போட்டால் 37.25 வரும். இன்றைய டிஸ்க்கிலும் இதே கதைதான்.

கேள்வி: பழைய பெட்டியில் 64 ஜிபி எஸ்டி கார்டு போட்டால் "கார்டு இல்லை" என்கிறது. வாய் பழுதா அண்ணே?

பதில்: பழுது இல்லை தம்பி, தலைமுறை இடைவெளி. முதல் தலைமுறை எஸ்டி கார்டு பொதுவாக 2 ஜிபியோடு நின்றது. 2006-இல் எஸ்டிஹெச்சி வந்து 32 வரை போனது, 2009-இல் எஸ்டிஎக்ஸ்சி. மூன்றும் உருவத்தில் ஒன்றுதான், பேசும் முறைதான் வேறு. 2004-இல் பிறந்த பெட்டிக்கு உங்கள் கார்டு என்ன சொல்கிறது என்றே புரியாது. பழைய 1 ஜிபி, 2 ஜிபி கார்டு எங்காவது கிடைத்தால் விடாதீர்கள்.

கேள்வி: ஜூனில் நண்பர்களோடு லடாக் பைக் பயணம். ஹார்ட் டிஸ்க் உள்ள பெட்டியைத்தான் கொண்டுபோகலாம் என்றிருக்கிறேன். குலுக்கலில் போய்விடுமா?

பதில்: குலுக்கலை விடப் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது: காற்று. ஹார்ட் டிஸ்க்கில் தகவலைப் படிக்கும் தலை, சுழலும் தட்டைத் தொடுவதில்லை. தட்டு சுழலும் வேகத்தில் உண்டாகும் காற்றுப் படலத்தின் மேல், மயிரிழையை விடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. அதற்காகவே சாதாரண டிஸ்க்கின் மூடியில் வடிகட்டி வைத்த ஒரு சின்னத் துளை இருக்கும். வெளியே உள்ள காற்றழுத்தம்தான் உள்ளேயும். உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது, தலை தாழ்கிறது, ஒரு கட்டத்தில் தட்டில் உரசும்.

அதனால்தான் இந்த வகை டிஸ்க்குகளுக்கு இயங்கும் உயரம் பெரும்பாலும் சுமார் 3,000 மீட்டர் வரை என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். ஐபாட் கையேட்டிலும் 10,000 அடி என்றே இருந்தது. ஊட்டி 2,240 மீட்டர், பயமில்லை. லே நகரமே 3,500. கர்துங் லா கணவாய் 5,300-க்கும் மேல். விமானத்தில் பரவாயில்லை, பயணிகள் அறையின் அழுத்தத்தை 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாகவோ அதற்கும் கீழாகவோ வைத்திருப்பார்கள்.

லேயில் ஆன் செய்தவுடன் சாகும் என்று சொல்லவில்லை, பலருக்கு ஓடியும் இருக்கிறது. ஆனால் வாழ்நாளில் ஒருமுறை போகும் பயணத்தின் படத்தை வைத்து ஏன் சூதாட வேண்டும்? எஸ்எஸ்டி கொண்டுபோங்கள். அதில் சுழலும் தட்டும் இல்லை, மிதக்கும் தலையும் இல்லை. குலுக்கல் கவலையும் சேர்ந்து தீரும். பெட்டியைத்தான் கொண்டுபோவேன் என்றால் மேலே அணைத்தே வைத்திருந்து, மணாலிக்கு இறங்கிய பிறகு ஆன் செய்யுங்கள். அதுவரை கார்டுகள் தாங்க வேண்டும்.

கேள்வி: 2006-இல் வாங்கிய ஐபாடில் குடும்பப் படங்கள் எல்லாம் இருக்கின்றன. மூலப் படங்கள் இருந்த கம்ப்யூட்டர் போய்விட்டது. ஐபாடிலிருந்து எடுத்துவிடலாம்தானே அக்கா என்று தங்கை நிம்மதியாக இருக்கிறாள். (கோவை)

பதில்: தங்கையின் நிம்மதியைக் கெடுக்க மனம் வரவில்லை. ஐபாடில் தெரிவது பெரும்பாலும் உங்கள் படம் அல்ல, அதன் நிழல். ஐட்யூன்ஸ் வழியாகப் படம் ஏற்றும்போது, திரைக்கு ஏற்றபடி சிறிதாக்கிய நகல்களைத்தான் அது போட்டுவைக்கும். திரை வெறும் 320-க்கு 240 புள்ளி.

ஆனாலும் கைவிட வேண்டாம். ஐட்யூன்ஸில் முழு அளவுப் படங்களையும் சேர்க்கச் சொல்லும் ஒரு கட்டம் இருந்தது. அன்று யாராவது அதை டிக் செய்திருந்தால் அதிர்ஷ்டம். ஐபாடை டிஸ்க்காகத் திறந்து ஃபோட்டோஸ் என்ற ஃபோல்டருக்குள் பாருங்கள். ஃபுல் ரெசல்யூஷன் என்று ஒரு உள் ஃபோல்டர் இருந்தால் மூலப் படங்கள் அதில் உள்ளன. தம்ப்ஸ் என்ற ஃபோல்டர் மட்டும் இருந்தால் சிறிய நகல்கள்தான், அதுவும் சாதாரணமாகத் திறக்க முடியாத கோப்புகளாக. அவற்றைப் பிரித்தெடுக்க இலவச மென்பொருள்கள் உண்டு. வீடியோ ஐபாடில் டிவியில் காட்டுவதற்காக 720-க்கு 480 அளவில் ஒரு நகலும் இருக்கும். அஞ்சலட்டை அளவுக்கு அச்சிட்டால் முகம் தெரியும். ஒன்றுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

கேமராவை நேராக ஐபாடில் இணைக்க ஒரு சின்ன இணைப்பான் விற்றார்கள். அதன் வழியாக வந்த படங்கள் மட்டும் டிசிஐஎம் என்ற ஃபோல்டரில் முழு அளவில் இருக்கும். அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஐபாடில் அதன் சொந்த மென்பொருளுக்குப் பதிலாக ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டேன். பாட்டுப் பெயர் சிலது கட்டம் கட்டமாக வருகிறது, சிலதில் கொம்பு இடம் மாறி நிற்கிறது.

பதில்: இரண்டு வேறு வியாதி. கட்டம் வந்தால், எழுத்துருவில் தமிழ் இல்லை. கொம்பு இடம் மாறினால், எழுத்துரு இருக்கிறது, எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கத் தெரியவில்லை. யூனிகோடில் "கெ" என்பதை முதலில் ககரம், பிறகு கொம்பு என்றுதான் சேமிக்கிறார்கள். திரையில் கொம்பை முன்னால் இழுத்துப் போடுவது கருவியின் வேலை. ராக்பாக்ஸ் அதைச் செய்யாது. மூன்றாவது வியாதியும் உண்டு: யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி, பாமினி எழுத்துருக் காலத்தில் தட்டிய பெயர்கள். அந்த எழுத்துரு இல்லாத எதிலும் அவை குப்பையாகத்தான் தெரியும். நான் சரணடைந்து, எல்லாப் பெயரையும் ஆங்கில எழுத்தில் தட்டிவிட்டேன். காதில் விழுவது தமிழ்தானே.

கேள்வி: அண்ணே, கல்யாண வேலைக்குப் புதுசு. மண்டபத்திலேயே கார்டைப் பெட்டியில் கொட்டி, கார்டை அழித்துத் திரும்பப் பயன்படுத்துகிறேன். சரிதானே? (திண்டுக்கல்)

பதில்: தம்பி, என் கதையைக் கேள். 2007, செட்டிநாட்டுப் பக்கம் ஒரு கல்யாணம். எப்சனை இன்னொருவர் கொண்டுபோய்விட்டதால் என் கையில் இருந்தது வேறொரு பெட்டி. பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது. மாப்பிள்ளை அழைப்பு முடிந்து கார்டைச் செருகி நகல் எடுக்கவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் திரை இருட்டு. முடித்துவிட்டுத் தூங்குகிறது என்று நினைத்தேன். உண்மையில் பாதியில் பேட்டரி தீர்ந்திருக்கிறது. சார்ஜ் போட்டுப் பார்த்தேன், புதிய ஃபோல்டர் இருந்தது. உள்ளே எத்தனை படம் என்று எண்ணவில்லை. கார்டை அழித்து, அதிலேயே முகூர்த்தமும் எடுத்தேன். அழித்த இடத்தில் புதிதாக எழுதிய பிறகு எந்த மென்பொருளும் பழையதைக் கொண்டுவராது. பெண் வீட்டுப் பெரியவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

அன்றிலிருந்து என் வழக்கம் இது. நகல் எடுக்கும் முன் பேட்டரி பாதிக்கு மேல் இருக்க வேண்டும். முடிந்ததும் கார்டில் எத்தனை, பெட்டியில் எத்தனை என்று எண்ணுவேன். கடைசிப் படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்ப்பேன். நகல் பாதியில் அறுந்தால் அங்கேதான் தெரியும். கேமரா மெருகேற்றாமல் அப்படியே சேமிக்கும் ரா (RAW) கோப்பில் எடுப்பவர்களுக்கு ஒரு சங்கதி: பெட்டி பெரும்பாலும் ரா கோப்புக்குள் இருக்கும் சின்ன ஜேபெக் முன்னோட்டத்தைத்தான் காட்டும். முன்னோட்டம் நன்றாக இருந்தும் பின்னால் கோப்பு சேதமாகியிருக்கலாம். அதனால் கோப்பின் அளவையும் ஒப்பிடு.

கார்டு அழிப்பதா? இரண்டு இடத்தில் நகல் சேரும்வரை அழிக்காதே. பெட்டி ஒரு இடம்தான். கார்டை அழித்த நொடியில் பெட்டி காப்புநகல் என்ற பதவியை இழந்து ஒரே நகல் ஆகிவிடுகிறது. இன்று கார்டு விலை அன்று போல இல்லை. இரண்டு கார்டு கூட வாங்கு, மண்டபத்தில் அழிக்கும் பேச்சே வேண்டாம்.

கேள்வி: வீடியோ ஐபாடில் புதுப் படங்கள் ஓட மறுக்கின்றன.

பதில்: அதற்கு எம்பி4 என்ற பெயர் மட்டும் போதாது. வீடியோவைச் சுருக்கும் முறை ஹெச்.264 பேஸ்லைன், அளவு 640-க்கு 480-க்குள், நொடிக்கு 1.5 மெகாபிட்டுக்குள், ஒலி ஏஏசி. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் இப்படி மாற்றிக்கொண்டால் ஓடும். உள்ளங்கை அளவுத் திரைக்கு இதுவே தாராளம்.

கேள்வி: டொரோண்டோவில் பனிக்காலத்தில் வெளியே எடுத்தால் திரை மெதுவாகிறது, பேட்டரி சட்டென்று இறங்குகிறது.

பதில்: குளிரில் எல்சிடியும் லித்தியம் பேட்டரியும் அப்படித்தான், சூடானால் மீளும். உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் வரும்போதுதான் கவனம் தேவை: சில்லென்ற பெட்டி மேல் ஈரம் படியும். ஜிப் பையில் மூடியபடியே அறைச் சூட்டுக்கு வரவிட்டு, பிறகு ஆன் செய்யுங்கள்.

கேள்வி: பயன்படுத்தாமல் வைக்கும்போது முழு சார்ஜா, காலியா?

பதில்: இரண்டும் இல்லை. பாதி அளவில் வைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வெயில் படும் காரில் மட்டும் வேண்டாம்.

கேள்வி: இன்றைக்கு இப்படி ஒரு பெட்டி வாங்கலாமா? செகண்ட் ஹேண்டில் எப்சன் ஒன்று மலிவாக வருகிறது.

பதில்: படம் பத்திரமாக இருக்க என்றால் வேண்டாம். டைப்-சி போன், கார்டு ரீடர், ஒரு சின்ன எஸ்எஸ்டி போதும். ஐபோனிலும் ஐஓஎஸ் 13-க்குப் பிறகு வெளி டிஸ்க்கை ஃபைல்ஸ் செயலியில் திறக்கலாம். எஸ்எஸ்டியை எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். பழைய ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, நீளமான வீடியோ அங்கே முட்டி நிற்கும்.

ஆசைக்கு என்றால் வாங்குங்கள், நான் தடுக்க மாட்டேன். பி-2000-இன் 3.8 அங்குலத் திரையில் 640-க்கு 480 புள்ளி. 2004-க்கு அது அசத்தல். இன்றும் என் மாமியார் பேரன் படத்தைப் போனில் பார்க்க மாட்டார், "அந்தப் பெட்டியை எடு" என்பார். போனில் பார்த்தால் நடுவில் யாராவது அழைத்துவிடுகிறார்களாம். வாங்கும்போது மட்டும் விற்பவர் முன்னாலேயே ஒரு கார்டைப் போட்டு நகல் எடுத்துப் பாருங்கள். பேட்டரி எப்படியும் புதிதாகத் தேட வேண்டியிருக்கும், அந்தக் காசையும் விலையில் சேர்த்துப் பேசுங்கள்.