கொறங்காட்டுல மொளச்சது கொழுக்கட்டைப்புல்லா, களையா?

கேள்வி: தாராபுரம் பக்கம் 4 ஏக்கர் கொறங்காடுங்க, வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நெலம். போன ஐப்பசியில, அப்பத்தான் உருவுன கொழுக்கட்டைப்புல் (ஆடு மாடு மேயற தீவனப் புல்லு) விதைய வாங்கிப் போட்டு உழுது விட்டேன், ஒண்ணுமே மொளைக்கல. இப்ப கோடை மழைக்கு அங்கங்க கொத்து கொத்தா புல்லு வந்து கதிரும் விட்டிருச்சு. கதிர் பூரா முடியா இருக்கு, ஆட்டு வாயில குத்துமோன்னு பயமா இருக்கு. புடுங்கிறட்டுமாங்க?

பதில்: புடுங்கிறாதீங்க, நீங்க சொல்றதப் பாத்தா அது போட்ட விதையேதான் மாதிரி இருக்கு, ஆனா காட்டுல நின்னு ஒருதடவ பாத்துக்கோங்க. முதல்ல தூரு. கொழுக்கட்டை ஒரே எடத்துல தூர் கட்டி நிக்கும், அடித்தண்டு கணு கணுவா கொஞ்சம் தடிச்சு கெட்டியா இருக்கும், இழுத்தா லேசுல வராது, வேரு நல்ல மண்ணுல 6 அடிக்கு மேலயும் எறங்கும். இலை தண்டோட சேர்ற எடத்துல உள்பக்கம் விரிச்சுப் பாருங்க, சவ்வு மாதிரி இல்லாம குட்டி ரோம வரிசை தெரியும். கதிர் விரல் நீளம், நரிவால் கணக்கா இருக்கும், நெறம் வெளிறின வைக்கோல்லருந்து ஊதா வரைக்கும் மாறும், அத வெச்சு முடிவு பண்ணாதீங்க.

அந்த முடிதான் முக்கியம். ஒரு விதைக்கொத்த உருவி உள்ளங்கையில தேய்ங்க, கொழுக்கட்டைன்னா முடியெல்லாம் அடியில மட்டும் ஒட்டியிருக்கும், மேல தனித்தனியா மெத்துன்னு வளையும், உள் முடியில பஞ்சு மாதிரி ரோமமும் இருக்கும். இதே இனத்துல ஒரு வருசத்தோட காஞ்சு போற இன்னொரு புல்லு இருக்கு, அதோட கொத்து கெட்டியான முள்ளு, கையிலயே குத்தும், துணியிலயும் ஆட்டு ரோமத்துலயும் அப்பிக்கும். அது இருந்தா விதை விழறதுக்கு முன்னாடியே புடுங்கிருங்க.

போன வருசம் மொளைக்காததுக்கு காரணம் பெரும்பாலும் விதை புதுசா இருந்ததுதான். இதோட விதைக்கு உறக்ககாலம் உண்டு, 6 மாசத்துக்கு மேல காய்ஞ்ச எடத்துல வெச்சிருந்து போடணும். உழுது ஆழத்துல தள்ளுனதும் தப்புங்க, 1 சென்டிமீட்டருக்கு மேல பொதைய வேண்டாம். விதை பஞ்சா இருக்கறதால கையில ஒட்டும், ஈர மணலோட கலந்து தூவிட்டு முள்ளு செடிய இழுத்து விட்டாலே போதும். ஒரு ஹெக்டேருக்கு 6 - 8 கிலோ கணக்கு. இன்னொண்ணு, இந்தப் புல்லு பெரும்பாலும் மகரந்தம் சேராமலே விதை கட்டும், அதனால நல்ல தழை விட்ட தூராப் பாத்து விதை எடுத்தீங்கன்னா புள்ளையும் தாய் மாதிரியேதான் வரும். அவசரம்னா தூரப் பிரிச்சு மழை நேரத்துல நட்டுக்கலாம், எனக்குப் புடிச்சது இதுதான்.

இந்த வருசம் ஆட்ட உள்ள விடாம ஒரு தடவ விதை கொட்ட விடுங்க. அப்புறமும் ஒட்ட மேய விட்டுறாதீங்க, மறுபடி துளுக்கறதுக்கு வேண்டிய சத்து அடித்தண்டுலதான் இருக்கு, ஒரு சாண் உயரமாச்சும் நிக்கட்டும். காட்ட ரெண்டு மூணா தடுத்து மாத்தி மாத்தி அடைச்சா நல்லது. தண்ணி நிக்கிற பள்ளத்துல மட்டும் இத போடாதீங்க, அழுகிப் போயிரும்.