வான்கோழி சாட்சி சொன்ன மரம்

கேள்வி: மொரீஷியஸ்ல டோடோ பறவை அழிஞ்சதால தாம்பலாகோக் மரம் 300 வருஷமா முளைக்கவே இல்லையாமே, 13 மரம்தான் பாக்கியாம். அந்த மரத்தைப் பத்தி சொல்லுங்க சார். (ஒரு வாசகர், பழனி)

பதில்: இந்த 13க்கு 1977ல இருந்து சாவே இல்ல. ஸ்டான்லி டெம்பிள்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் அந்த வருஷம் சயன்ஸ் இதழ்ல எழுதினது. டோடோ முழுங்கி அதோட வயித்துல அரைபட்டாத்தான் கெட்டிக் கொட்டை முளைக்கும், டோடோ போச்சு, மரமும் போச்சுன்னார். சோதனைக்கு டோடோவுக்கு எங்க போறது? வான்கோழியப் புடிச்சு வாயைத் திறந்து 17 கொட்டையத் திணிச்சாங்க. கிறிஸ்மஸுக்கு தப்பிச்சோம்டான்னு இருந்திருக்கும், அதுக்கு இந்த கதி! 7 நொறுங்கிடுச்சு, மிச்சம் 10 முன்வாசல் பின்வாசல்னு எப்படியோ வெளிய வந்து அதுல 3 முளைச்சுது. சரிப்பா, எந்த வயித்துக்கும் போகாத கொட்டை நாலைப் பக்கத்துல நட்டுப் பாத்திருக்கலாம்ல? நடல. 1979ல அதே இதழ்ல ஒவடாலின்னு மொரீஷியஸ் வன அதிகாரி வாங்கு வாங்குன்னு வாங்கினார், இளங்கன்னு இருக்கறது 1941 கணக்கெடுப்புலயே வந்தாச்சு, எங்க நர்சரில பறவை இல்லாமலே முளைக்குதுன்னு. அந்தக் கொட்டைய சுத்தி ஒரு மெலிசான கோடு ஓடுது, உள்ள பருப்பு ஊறி உப்பினா டிபன் பாக்ஸ் மூடி மாதிரி அந்தக் கோட்டுல கழண்டுக்கும், அவ்ளோதான். அந்த 13 மரத்துக்கும் 300 வயசுன்றதும் கண் மதிப்புதான், எண்ணிப் பாக்க அந்த மரத்துல ஒழுங்கான வளையமே கிடையாது. ஆனா பறக்குறது டெம்பிள் கதைதான், ஒவடாலிய யார் ஃபார்வர்ட் பண்றாங்க?

மரம் அரிதானது நெசம். கப்பல்ல வந்த குரங்கும் பன்னியும் ஒரு பக்கம், கரும்புக்காக காட்டை அழிச்சது இன்னொரு பக்கம். கிள்ளினா பால் வடியுற இந்த மரம் நம்ம இலுப்பை, சப்போட்டா, மகிழம் குடும்பம். ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரைன்னு நாம சொல்றோம், அங்க சர்க்கரை ஆலை வந்துதான் இலுப்பையோட பங்காளிக்கு இடமில்லாம போச்சு. அந்தக் கரும்புக் காட்டுல வேலைக்குப் போனதுல நம்ம ஆளுங்களும் உண்டு, அது தனி சோகம்.

இலுப்பைன்னு சொன்னதும் ஞாபகம் வருது, நம்மூர்ல அது விதையைப் பரப்பறது பழந்தின்னி வௌவால். வௌவாலுக்காக தீபாவளிக்கு வெடியே வெடிக்காத கிராமங்க தமிழ்நாட்டுல இருக்கு. இதை வருஷா வருஷம் இந்தப் பக்கத்துல எழுதறேன், எங்க தெருவுல ஒருத்தர் சந்தாவை நிறுத்திட்டார், ராக்கெட்ட நிறுத்தல.