ஜெர்மனியில் வேலை: 140 விண்ணப்பங்கள் அனுப்பியும் கிடைக்காதது ஏன்?

கேள்வி: வயது 32. பி.இ. மெக்கானிக்கல். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் 8 ஆண்டு அனுபவம். ஜெர்மன் மொழியில் ஏ2 (ஆறு நிலைகளில் இரண்டாவது) முடித்திருக்கிறேன். ஆறு மாதத்தில் 140 ஜெர்மன் நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தேன். இரண்டே நேர்காணல்கள்தான் வந்தன, இரண்டிலும் தேர்வாகவில்லை. ஒரு நிறுவனம் மட்டும், “உங்கள் சொந்தப் பங்கு எது என்று புரியவில்லை” என்று எழுதியது. அங்கே வேலைப் பண்பாடு வேறு என்கிறார்கள். நான் எதை மாற்ற வேண்டும்?

பதில்: அந்த ஒற்றை வரிப் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். 140 விண்ணப்பங்களில் உங்களுக்குக் கிடைத்த பயனுள்ள தகவல் அது ஒன்றுதான். ஜெர்மன் நிறுவனங்களில், காகிதத்தில் இருப்பதையும் வாயால் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்வார்கள். நம் பக்கத்தில் ‘எல்லாம் தெரியும்’ என்று எழுதினால், படிப்பவர் தானாகவே கொஞ்சம் கழித்துக்கொள்வார். அங்கே கழிக்க மாட்டார்கள். எது, எவ்வளவு, யார் செய்தது என்று இல்லாத வாக்கியத்தைத் தகவலாகவே எண்ண மாட்டார்கள். விண்ணப்பத்தில் தொடங்கி வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகும்வரை இந்த ஒரு வேறுபாடுதான் திரும்பத் திரும்ப எதிரே வரும்.

முதலில் மொழி. தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர் நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்திருப்பவர் அல்ல. இயந்திரத்தில் நிற்பவரிடம் ‘இந்தப் பாகம் ஏன் தப்பாக வந்தது’ என்று கேட்க வேண்டும், அந்த உரையாடல் ஜெர்மனில்தான் நடக்கும். மென்பொருள் வேலைக்கு ஆங்கிலமே போதும் என்ற இடங்கள் உண்டு. உங்கள் வேலைக்கு அப்படிப்பட்ட இடங்கள் குறைவு. உங்கள் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஏ2 என்பதைப் பார்த்ததுமே ஓரம்போயிருக்கும். அடுத்த நிலையான பி1 வந்தால் பேச அழைப்பார்கள், அதற்கும் மேலான பி2 வந்தால் மற்றவர்களோடு சமமாக வைத்துப் பார்ப்பார்கள். வேலை பார்த்துக்கொண்டே ஏ2-விலிருந்து பி2 போக ஓராண்டுக்குக் குறையாது. அதைச் செலவழிக்கத் தயாராக இருங்கள். விண்ணப்பத்தில் ‘ஜெர்மன்: நன்றாகப் பேசுவேன்’ என்று எழுதாதீர்கள். ‘ஏ2 தேர்ச்சி, பி1 தேர்வு இந்த மாதத்தில்’ என்று தேதியோடு எழுதுங்கள்.

இரண்டாவது, எங்கே விண்ணப்பிக்கிறீர்கள் என்பது. ஜெர்மனியின் கார் உதிரிபாக நிறுவனங்கள் 2024 முதல் தொடர்ந்து ஆட்குறைப்பை அறிவித்துவருகின்றன. வெளிநாட்டிலிருந்து புதிதாக ஒருவரை அழைக்கும் மனநிலையில் அவை இல்லை. ஆனால் உங்கள் திறமை காருக்கு மட்டும் சொந்தமானதல்ல. கார் துறையின் தர நிர்வாக விதிமுறையான ஐஏடிஎஃப் 16949 தெரிந்தவர் மருத்துவக் கருவித் துறையின் ஐஎஸ்ஓ 13485, விமானத் துறையின் இஎன் 9100, ரயில் துறையின் ஐஎஸ்ஓ 22163 ஆகியவற்றின் கட்டமைப்பைச் சில வாரங்களில் பிடித்துக்கொள்ளலாம். கார் துறையிலேயே நிற்பதாக இருந்தால், ஜெர்மன் வாகனத் தொழில் சங்கத்தின் விடிஏ 6.3 செயல்முறைத் தணிக்கைப் பயிற்சியை முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள். ஜெர்மன் நிறுவனம் உடனே அடையாளம் காணும் தகுதி அது. பெரிய பெயர்களை மட்டும் குறிவைக்காமல், நடுத்தரக் குடும்ப நிறுவனங்களையும் பாருங்கள். சின்ன ஊர்களில் இருக்கும் அவற்றிலும் பொறியியல் வேலைகள் நிறைய இருக்கின்றன.

இனி விண்ணப்பம். ஒரே ரெஸ்யூமை 140 இடங்களுக்கு அனுப்பியிருந்தால், 140 முறையும் ஒரே காரணத்துக்காக ஒதுக்கப்பட்டிருக்கும். ஜெர்மனியில் இதை லேபன்ஸ்லௌஃப் என்பார்கள். அட்டவணை வடிவம், அதிகபட்சம் இரண்டு பக்கம், கடைசி வேலை மேலே, ஒவ்வொன்றுக்கும் மாதமும் ஆண்டும். நடுவில் மூன்று மாதம் வேலை இல்லாமல் இருந்திருந்தால் அதையும் ஒரு வரியாக எழுதுங்கள்: மொழிப் படிப்பு, குடும்பப் பொறுப்பு, எதுவானாலும் சரி. வெற்றிடத்தை மறைத்தால்தான் சந்தேகம் வரும். தந்தை பெயர், மதம், பாஸ்போர்ட் எண், ‘மேற்கண்ட யாவும் உண்மை’ என்ற உறுதிமொழி எதுவும் வேண்டாம். 2006-இல் வந்த சமநடத்தைச் சட்டத்துக்குப் பிறகு புகைப்படம் கட்டாயமில்லை.

உள்ளடக்கத்தில்தான் உங்கள் பிரச்சினை இருக்கிறது. ‘வாடிக்கையாளர் புகார்களைக் கையாண்டேன், குழுவோடு இணைந்து தரத்தை மேம்படுத்தினோம்’ என்பது போன்ற வரிகளை அடித்துவிடுங்கள். அதற்குப் பதிலாக: எந்தப் பாகம், எந்த உற்பத்தி முறை, மாதத்துக்கு எத்தனை 8டி அறிக்கை (புகாரின் காரணத்தையும் தீர்வையும் விளக்கும் அறிக்கை) உங்கள் பெயரில் போனது, எஃப்எம்இஏ (எங்கே கோளாறு வரலாம் என்று முன்கூட்டியே ஆராயும் முறை) கூட்டத்தை நடத்தினீர்களா அல்லது கலந்துகொண்டீர்களா, வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய எண்ணிக்கை பத்து லட்சத்துக்கு எத்தனையிலிருந்து எத்தனையாகக் குறைந்தது, அதில் உங்கள் வேலை எது. ‘கலந்துகொண்டேன்’ என்று எழுதுவதில் அவமானம் எதுவுமில்லை. கலந்துகொண்டதை நடத்தியதாக எழுதினால் நேர்காணலின் இரண்டாவது கேள்வியிலேயே அது வெளியே வந்துவிடும்.

அதோடு ஒரு பக்கத்துக்குள் அடங்கும் கடிதம். விளம்பரத்தில் தொடர்புக்கு ஒரு பெயர் இருந்தால் அந்தக் குடும்பப் பெயரைச் சொல்லி விளியுங்கள். குறிப்பு எண் இருந்தால் தலைப்பில் போடுங்கள். விளம்பரம் ஜெர்மனில் இருந்தால் கடிதமும் ஜெர்மனில். ஏன் இந்த நிறுவனம், எந்தத் தேதியில் சேர முடியும், எதிர்பார்க்கும் சம்பளம் எவ்வளவு என்ற மூன்றுக்கும் பதில் இருக்க வேண்டும். சம்பளத்தைக் கேட்டிருக்கும் விளம்பரத்துக்கு அந்த எண் இல்லாமல் அனுப்பினால் அரைகுறை விண்ணப்பமாகவே எடுத்துக்கொள்வார்கள். எல்லாவற்றையும் கடிதம், லேபன்ஸ்லௌஃப், சான்றிதழ்கள் என்ற வரிசையில் ஒரே பிடிஎஃப் கோப்பாக இணைத்துவிடுங்கள்.

சான்றிதழ் என்றதும் இன்னொன்று. ஜெர்மனியில் வேலையை விட்டுப் போகிறவருக்கு, செய்த பணிகளையும் அதன் தரத்தையும் விவரிக்கும் ஆர்பைட்ஸ்ஸொய்க்னிஸ் என்ற சான்று பெறச் சட்டப்படி உரிமை உண்டு. அதில் சொற்களுக்கே மதிப்பெண் இருக்கிறது. ‘எப்போதும் முழுமையிலும் முழுமையான திருப்தி அளித்தார்’ என்றால் முதல் தரம், வெறும் ‘திருப்தி அளித்தார்’ என்றால் தேர்ச்சிக்கு விளிம்பு. நம் அனுபவச் சான்றில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை வேலை செய்தார் என்று மட்டும் இருக்கும். அதைப் படிக்கும் ஜெர்மன் மேலாளருக்கு, சொல்வதற்கு நல்லது எதுவும் இல்லாததால் இவ்வளவு சுருக்கமாக எழுதினார்களோ என்று தோன்றலாம். ஆகவே உங்கள் மேலாளரிடம் பணிகளை விவரிக்கும் ஒரு பக்கக் கடிதம் வாங்கிச் சேர்த்துவிடுங்கள்.

பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டா என்பதை அனாபின் என்ற இலவசத் தரவுத்தளத்தில் நீங்களே பார்க்கலாம். உங்கள் பல்கலைக்கழகத்துக்கு எச் பிளஸ் (அங்கீகரிக்கப்பட்டது) குறியும், பட்டத்துக்கு ‘இணையானது’ என்ற குறிப்பும் இருந்தால் இரண்டு பக்கத்தையும் அச்சிட்டு விண்ணப்பத்தோடு வையுங்கள். பட்டம் அதில் இல்லையென்றால் இசட்ஏபி என்ற அலுவலகத்தில் 208 யூரோ கட்டி ஒப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும்.

விசாவைப் பொறுத்தவரை பொறியாளர்கள் ஆள்பற்றாக்குறைப் பட்டியலில் இருப்பதால் ப்ளூ கார்டுக்கு (பட்டம் பெற்ற வெளிநாட்டவருக்கான பணி அனுமதி) உங்களுக்குக் குறைந்த சம்பள வரம்பே பொருந்தும். 2026-இல் அது ஆண்டுக்கு 45,934.20 யூரோ; மற்றத் துறைகளுக்கு 50,700. ஒவ்வொரு ஜனவரியும் இது மாறும். இதற்குக் கீழே சம்பளம் வந்தாலும் கதவு மூடவில்லை. சாதாரணத் திறன் பணியாளர் விசாவில், 45 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு, அந்த ஊரில் அந்த வேலைக்குரிய சம்பளம் இருந்தால் போதும். வேலை கையில் இல்லாமல் அங்கே போய்த் தேடுவதற்கு 2024 ஜூன் 1 முதல் சான்சென்கார்ட்டே என்ற ஓராண்டு அனுமதி இருக்கிறது. பட்டம் முழுமையாக அங்கீகரிக்கப்பட்டிருந்தால் அதற்குப் புள்ளிக் கணக்கும் தேவைப்படாது. வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலை பார்க்கலாம். ஆனால் ஓராண்டுச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே காட்ட வேண்டும். 2025 கணக்கில் மாதம் 1,091 யூரோ, ஆண்டுக்கு 13,092. ஏ2 மொழியோடு இந்தப் பணத்தைச் செலவழித்துப் போவது சரியான கணக்காகப் படவில்லை. பி1-க்குப் பிறகு யோசியுங்கள்.

நேர்காணல். ‘வாஸ் கெனாவ் ஹாபன் ஸீ கெமாஃக்ட்?’ துல்லியமாக நீங்கள் என்ன செய்தீர்கள்? இந்தக் கேள்வி பல வடிவங்களில் வரும். ‘நாங்கள் செய்தோம்’ என்று சொல்வது நமக்குப் பணிவு. அங்கே அது பதிலே அல்ல. இரண்டு வாடிக்கையாளர் புகார்களைத் தேர்ந்தெடுத்து முதல் நாளிலிருந்து முடிவுவரை எழுதிப் பாருங்கள். எத்தனை பாகங்கள் தடுத்து வைக்கப்பட்டன, முதலில் எந்தக் காரணத்தைச் சந்தேகித்தீர்கள், அது தவறு என்று எந்த அளவீடு காட்டியது, உண்மைக் காரணத்தை எப்படி நிரூபித்தீர்கள், யாரிடம் ஒப்புதல் வாங்கினீர்கள். அந்த இரண்டில் ஒன்று சரியாக முடியாத புகாராக இருக்கட்டும். தோல்வியைக் காரணத்தோடு விளக்கத் தெரிந்தவர்மேல் அவர்களுக்கு நம்பிக்கை வரும்.

தெரியாததைத் ‘தெரியாது’ என்று சொல்லுங்கள். கூடவே, எங்கே பார்த்துத் தெரிந்துகொள்வேன் என்பதையும் சொல்லுங்கள். ‘பார்த்துக்கலாம், சமாளிச்சிடுவேன்’ என்பது நமக்குத் தன்னம்பிக்கை. அவர்கள் காதில் ஆபத்தாக விழும். தலையை ஆட்டுவதிலும் கவனம் தேவை. நம்முடைய ஆமோதிப்பு அவர்களுக்கு மறுப்பாகத் தெரியலாம், ஆகவே வாய் திறந்து ‘யா’ (ஆம்) அல்லது ‘நைன்’ (இல்லை) சொல்லிவிடுங்கள். பதில் சொன்னபின் எதிரே மௌனம் நிலவினால் பதறி மேலும் பேசாதீர்கள். குறிப்பு எழுதிக்கொண்டிருப்பார்கள்.

சம்பளத்தை வரிக்கு முந்தைய ஆண்டுத் தொகையாகச் சொல்ல வேண்டும். ‘கம்பெனி விதிப்படி’ என்பது பதிலாகாது. திருமணமாகாதவருக்குக் கையில் வருவது ஏறத்தாழ 60 முதல் 65 விழுக்காடு. குடும்பமாகப் போகிறவர்கள் வாடகையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுத் தொகை சொல்லுங்கள். தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள நிறுவனமாக இருந்தால் சம்பளம் தரநிலைப் பட்டியலில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். அங்கே தொகைக்குப் பேரம் பேசிப் பயனில்லை, எந்தத் தரநிலையில் வைக்கிறார்கள் என்பதைப் பேசுங்கள். 90 நாள் நோட்டீஸ் பீரியட் இருப்பதைச் சொல்லத் தயங்காதீர்கள். அங்கேயும் மூன்று மாத நோட்டீஸ் பழக்கமானதுதான்.

ஒப்பந்தம் வந்ததும் சம்பளம் 12 தவணையா 13 தவணையா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், விடுப்பு எத்தனை நாள், காலவரையறை உண்டா என்று பாருங்கள். வாரம் ஐந்து நாள் வேலைக்குச் சட்டப்படி குறைந்தபட்ச விடுப்பு 20 நாள். 28, 30 கொடுக்கும் நிறுவனங்கள் ஏராளம். முன்பின் தெரியாத நிறுவனம் என்றால் அதன் இணையதளத்தில் இம்ப்ரெஸ்ஸும் என்ற பக்கத்தைத் தேடுங்கள். முகவரியும் பதிவு எண்ணும் அங்கே இருந்தாக வேண்டும். அந்த எண்ணை ஜெர்மன் வணிகப் பதிவேட்டில் இலவசமாகச் சரிபார்க்கலாம். வேலை கொடுப்பதாகச் சொல்லிவிட்டு ‘விசா டெபாசிட்’ கேட்கும் இடத்தில் வேலை இல்லை, உடனே விலகிவிடுங்கள். விசா கைக்கு வரும்வரை இங்கே ராஜினாமா கடிதம் கொடுக்காதீர்கள். அவசரமாக ஆள் வேண்டுமென்றால் நிறுவனமே அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் 411 யூரோ கட்டி விரைவு நடைமுறையைத் தொடங்கலாம். இப்படி ஒன்று இருப்பது பல சிறு நிறுவனங்களுக்குத் தெரியாது, நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

வேலையில் சேர்ந்தபின் முதல் ஆறு மாதம் ப்ரொபேஷன். அதில் இரு தரப்பும் இரண்டு வார நோட்டீஸில் பிரியலாம், நிறுவனம் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நம்மவர்கள் இங்கே தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: வெள்ளிக்கிழமை முடிப்பதாக ஒத்துக்கொண்ட வேலை முடியாது என்று செவ்வாய்க்கிழமையே தெரிந்தும், வெள்ளி மாலைவரை வாய் திறப்பதில்லை. செவ்வாயன்றே சொன்னால் அது திட்டமிடல், யாரும் கோபிக்க மாட்டார்கள். வெள்ளியன்று சொன்னால் நம்பிக்கை போய்விடும். இரவு ஒன்பது மணிவரை உட்கார்ந்து முடித்தாலும் பாராட்டு வராது. சட்டம் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை, ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் நடுவே 11 மணி நேர ஓய்வும் கட்டாயம். நீங்கள் மீறினால் மேலாளர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கூட்டத்தில் உங்கள் அறிக்கையில் உள்ள பிழையை எல்லார் முன்னிலையிலும் சுட்டிக்காட்டுவார்கள். அது அறிக்கையைப் பற்றிய பேச்சு, உங்களைப் பற்றியது அல்ல. அதே ஆள் பன்னிரண்டு மணிக்கு ‘மால்ட்ஸைட்’ என்று சொல்லிச் சாப்பிடக் கூப்பிடுவார், போங்கள். உடம்பு சரியில்லையென்றால் வேலை தொடங்கும் முன்பே தகவல் சொல்லிவிடுங்கள். மூன்று நாளுக்கு மேல் போனால் மருத்துவரிடம் போயாக வேண்டும். சில ஒப்பந்தங்களில் முதல் நாளே சான்று கேட்பார்கள். பிறந்தநாள் என்றால் கேக் கொண்டுவர வேண்டியவர் பிறந்தநாள் கொண்டாடுபவர்தான். மற்றவருக்கு ஒரு நாள் முன்னதாக வாழ்த்துச் சொல்லாதீர்கள், அதை அபசகுனமாக எடுத்துக்கொள்வார்கள்.

மூன்றாம் மாத முடிவில் மேலாளரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்கி, எது சரியாகப் போகிறது, எதை மாற்ற வேண்டும் என்று நேரடியாகக் கேளுங்கள். சொல்வதை எழுதிக்கொண்டு அன்றே மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஆறாம் மாதம் முடிவதற்கு முன்பே உங்களைப் பற்றிய முடிவை எடுத்துவிடுவார்கள் என்பதால் ஐந்தாம் மாதத் தொடக்கத்தில் அதே பட்டியலோடு மறுபடியும் உட்காருங்கள்.