எரிந்தால்தான் மருந்தா?

கேள்வி: வீட்டில் பழைய டிங்சர் அயோடின் பாட்டில் ஒன்று இருக்கிறது. மகனுக்கு முழங்காலில் சிராய்ப்பு. அதைத் தொட்டு வைத்தாலே அலறுகிறான். தண்ணீர் கலந்து போடலாமா? பீட்டாடின் எரிவதே இல்லையே, அதற்கு வீரியம் குறைவா?

பதில்: எரிய வைப்பது பெரும்பாலும் அயோடின் இல்லை, அதைக் கரைத்து வைத்திருக்கும் ஆல்கஹால். மிளகாய் பட்டால் காந்துகிறதே, அதே நரம்பு முனைகளைத்தான் ஆல்கஹாலும் தூண்டிவிடுகிறது. எங்கள் தலைமுறை எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று நம்பி வளர்ந்தது. கிருமி சாவதற்கும் எரிச்சலுக்கும் சம்பந்தம் இல்லை.

பிறகு எதற்கு ஆல்கஹால்? அயோடின் தண்ணீரில் லேசில் கரையாது. 100 மில்லி தண்ணீரில் 0.03 கிராம் கரைந்தாலே அதிகம். அதே அளவு ஆல்கஹாலில் 20 கிராமுக்கு மேல் கரையும். ஆல்கஹாலில் மட்டும் கரைத்த அயோடினில் தண்ணீர் ஊற்றினால் அது கரும்பொடியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். கடையில் கிடைக்கும் டிங்சரில் பொட்டாசியம் அயோடைடோ சோடியம் அயோடைடோ சேர்ந்திருப்பதால் அவ்வளவாகப் பிரியாது. அயோடைடு அயோடினோடு சேர்ந்து அதைத் தண்ணீரிலும் கரைய வைக்கிறது. 1829இல் பிரெஞ்சு மருத்துவர் லூகோல் ஆல்கஹாலே இல்லாமல் அயோடின் கரைசல் செய்தது இந்த வழியில்தான். சில தைராய்டு அறுவை சிகிச்சைகளுக்கு முன்பு அதை இன்றும் கொடுக்கிறோம்.

உங்கள் பாட்டில் விஷயம் வேறு. மூடி வழியாக ஆல்கஹால் ஆவியாகி, மிச்சம் இருப்பது எவ்வளவு வீரியமாகியிருக்கும் என்று சொல்ல முடியாது. தோல் வெந்துவிடலாம். கலக்க வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

பீட்டாடினில் இருப்பது போவிடோன் அயோடின். போவிடோன் என்பது தண்ணீரில் நன்றாகக் கரையும் ஒரு செயற்கைப் பொருள். அயோடினைப் பிடித்து வைத்து, செலவாகச் செலவாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். 10 சதவீதக் கரைசலில் அயோடின் 1 சதவீதம்தான் என்றாலும் சிராய்ப்புக்கு அது தாராளம்.

அதற்கும் முன்னால், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் மண் போகக் கழுவுங்கள். பாதி வைத்தியம் அதுதான். அப்புறம் மெல்லியதாக ஒரு பூச்சு போதும். தைராய்டு கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் தொடர்ந்து பயன்படுத்தும் முன் மருத்துவரைக் கேளுங்கள். பச்சிளம் குழந்தைக்குக் கேட்காமல் போடவே கூடாது.

நாய் பிராண்டிய காயமாக இருந்தால் மட்டும் பூச்சோடு நிறுத்தாதீர்கள். 15 நிமிடம் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே தடுப்பூசிக்குப் போய்விடுங்கள்.