கூப்பருக்காகக் காத்திருந்தவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க இயக்குநர் டேவிட் லிஞ்ச் 2025 ஜனவரியில் மறைந்தபோது நீங்கள் எழுதிய அஞ்சலியில், 2017-ல் வெளிவந்த 'ட்வின் பீக்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் மூன்றாம் சீசனை அவருடைய வாழ்நாள் சாதனை என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அந்த ஒரு வரியை என்னால் ஏற்க முடியவில்லை.

கல்லூரி விடுதியில் நண்பர் ஒருவரின் டிவிடிகளில் முதல் இரண்டு சீசன்களைப் பார்த்தவன் நான். லாரா பாமர் என்ற பெண்ணின் கொலையைத் துப்பறிய வந்த எஃப்பிஐ அதிகாரி கூப்பரின் உருவில் தீய போலி ஒன்று வெளியே வந்து, குளியலறைக் கண்ணாடியில் தலையை மோதிக்கொண்டு சிரிக்கும் அந்தக் கடைசிக் காட்சி நெடுநாள் என்னை விடவில்லை. சிவப்புத் திரைகள் தொங்கும் அந்த அறையிலிருந்து உண்மையான கூப்பர் வெளியே வந்துவிட வேண்டும் என்று ஏங்கினேன். மூன்றாம் சீசனில் வந்தவரோ பேசத் தெரியாமல், பிறர் சொல்லும் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்லிக்கொண்டு, டகி ஜோன்ஸ் என்ற வேறொருவரின் இடத்தில் வாழும் கூப்பர். பதினெட்டுப் பகுதிகளில் பெரும்பாலானவை அவரோடுதான் கழிகின்றன. மதுக்கூடத்தின் தரையை ஒருவர் பெருக்குவதை இரண்டு நிமிடத்துக்கும் மேலாகக் காட்டுகிறார்கள். பழைய சீசன்களில் முக்கியமான இளம்பெண்ணாக இருந்த ஆட்ரியின் கதை அந்தரத்தில் நிற்கிறது. கடைசிப் பகுதி அதுவரை நடந்த அனைத்தையும் கலைத்துப்போட்டுவிடுகிறது. இது ரசிகர்களை அவமதிக்கும் செயலாகவே எனக்குப் படுகிறது.

1991-ல் கடிதம் எழுதித் தொடரைக் காப்பாற்ற முயன்றவர்களும், இருபத்தைந்து ஆண்டுகள் அதைப் பற்றிப் பேசிப்பேசி உயிரோடு வைத்திருந்தவர்களும் ரசிகர்கள்தான். 'வெரோனிகா மார்ஸ்' என்ற துப்பறியும் தொடரின் ரசிகர்கள் ஒருபடி மேலே போய்ச் சொந்தப் பணத்தையே கொடுத்தார்கள். அவர்களுக்கும் ஏமாற்றமே மிஞ்சியது. ஒரு தொடரைச் சாகவிடாமல் காப்பவர்களுக்கு அதன்மீது எந்த உரிமையும் இல்லையா? பிடிக்கவில்லை என்றால் உனக்குப் புரியவில்லை என்கிறார்கள். நீங்களும் அதையே சொல்வீர்களா?

அன்புடன்,
கே., திருநெல்வேலி

அன்புள்ள கே. அவர்களுக்கு,

உங்களுக்குப் புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். நீங்கள் பட்டியலிட்டிருக்கும் ஒவ்வொன்றும் லிஞ்சும், அவரோடு சேர்ந்து தொடரை உருவாக்கிய மார்க் ஃப்ராஸ்ட்டும் தெரிந்தே செய்தவை. அவற்றைச் சரியாகக் கண்டுகொண்டதால்தான் உங்களுக்குக் கோபம் வந்திருக்கிறது. தெரிந்தே செய்யப்பட்ட அந்தக் காரியம் அவமதிப்பா என்பதில் மட்டுமே நமக்குள் கருத்து வேறுபாடு. எனக்கு அது, ரசிகர்களின் ஏக்கத்தை இதுவரை எந்தத் தொடரும் எடுத்துக்கொள்ளாத அளவுக்குப் பொறுப்புடன் எடுத்துக்கொண்ட செயலாகத் தோன்றுகிறது.

1990 ஏப்ரல் 8 அன்று ஏபிசி தொலைக்காட்சியில் முதல் எபிசோட் ஒளிபரப்பானபோது ஏறத்தாழ மூன்றரைக் கோடிப் பேர் பார்த்தார்கள். லாரா பாமரைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு விடை சொல்லாமலே கதையை நெடுந்தொலைவு கொண்டுசெல்லப் படைப்பாளிகள் விரும்பினார்கள். விடையைச் சொல்லியே தீர வேண்டும் என்று தொலைக்காட்சி நிறுவனம் நெருக்கியது. அந்த ஆண்டு நவம்பரில் கொலையாளி யார் என்பது வெளியானது. அதன்பின் பார்வையாளர்கள் விலகத் தொடங்கினார்கள். இளைஞர்கள் வீட்டிலேயே இருக்காத சனிக்கிழமை இரவில் போடப்பட்டிருந்த தொடர், 1991 பிப்ரவரியில் நடுவிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. நீங்கள் சொல்லும் கடித இயக்கம் அப்போதுதான் எழுந்தது; எஞ்சிய ஆறு எபிசோட்கள் ஒளிபரப்பாயின. ஜூன் 10 அன்று வந்த இறுதி எபிசோடை லிஞ்ச் இயக்கினார். உங்களைத் தூங்கவிடாமல் செய்த கண்ணாடிக் காட்சி அதில்தான் இருக்கிறது. ஆக, ரசிகர்கள் போராடி மீட்டுக்கொண்டு வந்த எபிசோட், அவர்கள் நேசித்த நாயகனை அந்தச் சிவப்புத் திரை அறையில் அடைத்துவிட்டு முடிந்தது. கேட்டது கிடைக்கவில்லை என்ற புகாருக்கு 2017-லேயே இருபத்தாறு வயது.

அடுத்த ஆண்டு நடந்ததை நீங்கள் குறிப்பிடவில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1992-ல் 'ஃபயர் வாக் வித் மீ' என்ற திரைப்படம் வந்தது. கூப்பருக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள வந்தவர்களுக்கு, லாரா பாமரின் கடைசி ஏழு நாட்கள் காட்டப்பட்டன. பெற்ற தகப்பனாலேயே சீரழிக்கப்படும் ஒரு பெண்ணின் வதையை, தொடரில் இருந்த கேலியும் இனிப்பும் இல்லாமல், ஷெரில் லீ நடித்துக் காட்டினார். விமர்சகர்கள் கடுமையாகத் தாக்கினார்கள். அமெரிக்கத் திரையரங்குகளில் படம் தோற்றது. ரசிகர்களில் பலர் லிஞ்ச் தங்களைக் கைவிட்டுவிட்டதாகவே கருதினார்கள். இன்று உங்கள் கடிதத்தில் உள்ள சொற்களையே ஏறக்குறைய அன்று அவர்கள் சொன்னார்கள்.

அந்தப் படத்தில் ஒரு சிறு காட்சி உண்டு. லாராவின் படுக்கையில் கூப்பரின் காதலி ஆனி தோன்றி, நல்ல கூப்பர் அந்த அறையில் சிக்கியிருக்கிறார், அவரால் வெளியே வர முடியாது, இதை உன் நாட்குறிப்பில் எழுதிவை என்கிறாள். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, மூன்றாம் சீசனில், காவல் நிலையத்தின் கழிப்பறைக் கதவுக்குள் ஒளித்துவைக்கப்பட்டிருக்கும் நாட்குறிப்புத் தாள்களைக் காவல் அதிகாரி ஹாக் கண்டெடுக்கிறார். ஊரில் நடமாடியது உண்மையான கூப்பர் அல்ல என்பது அந்தத் தாள்களால்தான் தெரியவருகிறது. ரசிகர்கள் வெறுத்து ஒதுக்கிய படத்தின்மீதுதான் ரசிகர்கள் கேட்ட மீட்சி நிற்கிறது. இதை நான் வெற்றிக்குரலில் சொல்லவில்லை. 1992-ல் கோபப்பட்டவர்களின் கோபம் பொய்யானதல்ல. ஆனால் கோபம் வந்த அன்றே ஒரு படைப்பின் கணக்கு முடிந்துவிடுவதில்லை.

உரிமை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளித் தொடரின் ரசிகர்களுடைய கதையை இங்கே சுருக்கமாக நினைவூட்டுகிறேன். இரண்டாம் சீசனோடு தொடர் நின்றுவிடும் என்ற பேச்சு எழுந்தபோது கடிதங்கள் குவிந்தன. கால்டெக் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் தொடரை ஒளிபரப்பிய என்பிசி அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் போனார்கள். 1968 மார்ச் 1 அன்று எபிசோட் முடிந்த கையோடு, தொடர் நீடிக்கும் என்று திரையிலேயே அறிவிப்பு வந்தது. ஆனால் மூன்றாம் சீசன் வெள்ளி இரவு பத்து மணிக்குத் தள்ளப்பட்டது, செலவு குறைக்கப்பட்டது, தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி அன்றாட வேலையிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். பலவீனமான சீசன் அது என்று அந்த ரசிகர்களே ஒப்புக்கொள்வார்கள். ஆயினும் அந்தச் சீசன் சேர்ந்ததால்தான் தொடர் 79 எபிசோட்களை எட்டி, எழுபதுகளில் மறுஒளிபரப்புக்குப் போதுமான கையிருப்புடன் ஊரூராகப் பரவியது. ரசிகர்களால் ஒரு தொடருக்குக் காலத்தை வாங்கிக்கொடுக்க முடியும், அது பெரிய கொடை. அந்தக் காலத்துக்குள் எது நிகழ வேண்டும் என்பது அவர்கள் கையில் இருந்ததில்லை.

லிஞ்ச் விஷயத்திலும் அந்தக் கொடை உண்டு. 2015 ஏப்ரலில், ஷோடைம் தொலைக்காட்சி ஒதுக்கும் பணம் போதாது என்று சொல்லி அவர் புதிய சீசனிலிருந்து விலகினார். லிஞ்ச் இல்லாத 'ட்வின் பீக்ஸ்' எப்படி இருக்கும் என்று பழைய நடிகர்கள் ஒவ்வொருவராகப் பேசி ஒரு காணொளி வெளியிட்டார்கள். ரசிகர்கள் அதைக் கையிலெடுத்துப் பரப்பினார்கள். மே மாதம் அவர் திரும்பினார். ஒன்பது பகுதிகளாக இருந்த திட்டம் பதினெட்டாக வளர்ந்தது. எல்லாவற்றையும் அவரே இயக்கினார். அவர் திரும்பாமல் போயிருந்தால், நீங்கள் கேட்ட கூப்பரை முதல் பகுதியிலேயே காப்பிக் கோப்பையோடும் செர்ரிப் பழ அப்பத்தோடும் உட்காரவைத்திருக்கக்கூடிய இன்னொருவர் வந்திருப்பார். அந்த மாலை உங்களுக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும். இன்று எனக்கு ஒரு கடிதம் எழுதும் அளவுக்கு அது உங்களுக்குள் தங்கியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

இனி டகி ஜோன்ஸ். கூப்பராக நடித்த கைல் மக்லாக்லன் முதல் சீசனில் முப்பதைத் தாண்டியிருந்த இளைஞர்; மூன்றாம் சீசனில் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். இருபத்தைந்து ஆண்டுகள் ஓர் அறையில் அடைபட்டுக் கிடந்தவர் வெளியே வந்த மறுநாளே பழைய சுறுசுறுப்போடு துப்பறிந்தால், அந்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒரு பொருளும் இல்லாமல் போகும். மின்சார பிளக் துவாரத்தின் வழியாக லாஸ் வேகஸில் வந்து விழும் மனிதன் ஒவ்வொன்றையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது: லிஃப்டில் ஏறுவதை, கழுத்துப்பட்டை கட்டுவதை, ஒரு சிறுவன் தன்னைப் பார்த்துச் சிரிப்பதை. காப்பியின் வாசனைக்கு அவர் முகம் ஒரு கணம் மலரும்போதெல்லாம் நாம் இருக்கையின் நுனிக்கு வருகிறோம், மறுகணம் அந்த ஒளி அணைந்துவிடுகிறது. நினைவு தப்பிய பெரியவர் ஒருவருடன் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பு நன்றாகத் தெரியும். பதினாறாம் பகுதியில் மருத்துவமனைப் படுக்கையில் கூப்பர் எழுந்து உட்கார, ஒற்றைக் கை மனிதர் "ஒருவழியாக" என்று சொல்ல, பழைய இசை எழும்போது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை வேறெந்தத் தொடரும் தந்ததில்லை. அத்தனை மணி நேரம் அவர் இல்லாமல் இருந்ததனால் மட்டுமே அது வாய்த்தது.

காலம் இந்தச் சீசனின் ஒவ்வொரு மூலையிலும் இருக்கிறது. லாராவின் தகப்பனைப் பீடித்த தீய ஆவியான பாபாக நடித்த ஃபிராங்க் சில்வா 1995-லேயே போய்விட்டார். 1992 படத்தில் நடித்த பாடகர் டேவிட் போவி 2016-ல் மறைந்தார். கூப்பரின் சக அதிகாரி ஆல்பர்ட்டாக நடித்த மிகேல் ஃபெரர் ஒளிபரப்புக்குச் சில மாதங்கள் முன்பு இறந்தார். மரக்கட்டைப் பெண்மணியாக வந்த கேத்தரின் கோல்சன் புற்றுநோயின் கடைசி நாட்களில், உதிர்ந்த தலைமுடியோடும் மூக்கில் குழாயோடும் தன் காட்சிகளை நடித்துக் கொடுத்துவிட்டு 2015 செப்டம்பரில் காலமானார். பதினைந்தாம் பகுதியில் அவர் ஹாக்கைத் தொலைபேசியில் அழைத்து விடைபெறுகிறார். அதில் நடிப்பு எங்கே முடிகிறது, ஒரு மனிதர் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு போவது எங்கே தொடங்குகிறது என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. எதுவும் மாறாதது போல அந்த ஊரைத் திரும்பக் கட்டியிருந்தால், இந்த மரணங்களையெல்லாம் மறைத்துத்தான் கட்டியிருக்க வேண்டும். தரை பெருக்கும் காட்சியைப் பற்றி உங்களோடு வாதாட மாட்டேன். எனக்கு அந்த மெதுநடை பிடிக்கும், உங்களுக்குப் பிடிக்காமல் போவது இயல்பு.

இறுதியைப் பற்றி மட்டும் உங்களை மறுக்கிறேன். பதினேழாம் பகுதியில் நீங்கள் கேட்டதெல்லாம் கிடைக்கிறது: கூப்பர் காவல் நிலையத்துக்கு வருகிறார், பாப் ஒழிகிறான், பழைய முகங்கள் ஓர் அறையில் கூடுகின்றன. லிஞ்ச் அங்கேயே நிறுத்தியிருந்தால் நீங்கள் கைதட்டியிருப்பீர்கள். கூப்பரால்தான் நிறுத்த முடியவில்லை. லாரா கொல்லப்பட்ட இரவுக்கே திரும்பிப் போய், 1992 படத்தின் காட்சிகளுக்குள்ளேயே நுழைந்து, அவள் கையைப் பற்றி அழைத்துக்கொண்டு போகிறார். முதல் எபிசோடின் கரையில் கிடந்த பிணம் மறைகிறது. அந்தத் தொடரைத் திரும்பத் திரும்பப் பார்த்த ஒவ்வொருவரும் உள்ளூர விரும்பியது இதைத்தான் அல்லவா? அந்த விருப்பத்தை நிறைவேற்ற முயன்றால் என்ன ஆகும் என்று பதினெட்டாம் பகுதி காட்டுகிறது. லாராவின் முகம் கொண்ட, லாராவை அறியாத ஒரு பெண்ணை அவர் டெக்சாஸிலிருந்து அவளுடைய பழைய வீட்டுக்குக் கூட்டிவருகிறார். கதவைத் திறப்பவர்கள் பாமர் குடும்பத்தைக் கேள்விப்பட்டதே இல்லை. தெருவில் நின்று, இது எந்த ஆண்டு என்று கேட்கிறார். நடந்தவை அனைத்தையும் இது கலைத்துவிடுகிறது என்கிறீர்கள். நடந்ததைக் கலைக்க முயன்ற ஒரு நல்ல மனிதர் வழி தவறிப்போனார் என்றே நான் படிக்கிறேன். லாராவின் துயரம் மறுபடியும் துயரமாகவே நமக்குத் திருப்பித் தரப்பட்டது. ஒரு கொலையைப் புதிராக்கி ரசித்த நமக்கு அது கசக்கிறது, கசக்க வேண்டியதுதான்.

ஆட்ரி விஷயத்தில் உங்கள் புகார் சரியானது. அவளாக நடித்த ஷெரிலின் ஃபென்னை அத்தனை காலம் கழித்து அழைத்துவந்து, ஒரு கணவரோடு அறைக்குள் வாதாடவிட்டு, ஒரு நடனத்துக்குப் பின் வெள்ளை அறையில் கண்ணாடி முன் விட்டுச்சென்றதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. அதில் ஆழம் காண முயல்பவர்களின் கட்டுரைகள் எவையும் என்னை நம்பவைக்கவில்லை.

'வெரோனிகா மார்ஸ்' விஷயத்திலும் நான் ரசிகர்கள் பக்கமே நிற்கிறேன், ஆனால் அவர்கள் பணம் கொடுத்தார்கள் என்பது அதற்குக் காரணமில்லை. 2013-ல் 91,000-க்கும் மேற்பட்டோர் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளம் வழியாக 57 லட்சம் டாலர் கொடுத்தது ஒரு திரைப்படம் எடுக்க. அந்தப் படம் 2014-ல் வந்துவிட்டது, அந்தக் கணக்கு நேர்மையாகத் தீர்ந்தது. 2019-ல் ஹுலுவில் வந்த நான்காம் சீசனின் முடிவில், திருமணம் முடிந்த கையோடு நாயகியின் கணவன் லோகன் குண்டுவெடிப்பில் இறக்கிறான். துப்பறியும் தொடராக இது தொடர வேண்டுமானால் நாயகிக்கு நிலையான துணை இருக்கக் கூடாது என்பதே தொடரை உருவாக்கிய ராப் தாமஸ் சொன்ன விளக்கத்தின் சாரம். கதைக்குள்ளிருந்து வந்த மரணம் அல்ல அது; வரப்போகும் சீசன்களுக்கு இடம் ஒதுக்குவதற்காக நிகழ்த்தப்பட்டது. ஒருவருடைய நேசத்தை வைத்துக் கதையைக் கட்டிவிட்டு, அந்த நேசம் இடைஞ்சல் என்று அகற்றினால் அவர்கள் சினம் கொள்வது நியாயம். அதே 2019-ல் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எட்டாம் சீசனை வேறு எழுத்தாளர்களைக் கொண்டு மறுபடி எடுக்க வேண்டும் என்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். ஆறே எபிசோட்களில் அவசரமாக முடித்தார்கள் என்ற அவர்களுடைய விமர்சனத்தை ஏற்கிறேன், கோரிக்கையை ஏற்கவில்லை. மோசமான முடிவை மோசம் என்று உரக்கச் சொல்ல ரசிகருக்கு முழு உரிமை உண்டு, அதைத் தன் மனத்திலிருந்து தள்ளிவைக்கவும் உரிமை உண்டு. ஆணையிட்டு எழுதிவாங்கிய முடிவில் அவர்களாலேயே ஒரு நாள்கூட நம்பிக்கை வைக்க முடியாது.

நீங்கள் 'ஃபயர் வாக் வித் மீ' படத்தைப் பார்த்திருக்கவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். முடிந்தால் அதைப் பார்த்துவிட்டு, பதினைந்தாம் பகுதியிலிருந்து கடைசி நான்கை மட்டும் மறுபடி பாருங்கள். நாட்டில் நடக்கும் கொடுமைகளை அன்றாடம் செய்தியில் படிப்பவர்களுக்கு அந்தப் படம் எளிதாக இருக்காது, எனவே பொழுதுபோக்காக அதைத் தொடங்க வேண்டாம். பார்த்த பிறகும் உங்கள் கருத்து மாறாவிட்டால், இதைவிடக் கடுமையாக எழுதி அனுப்புங்கள். அதையும் இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்